எரிந்த ஒயர்தான் உங்கள் முதல் சாட்சி

கேள்வி:

வணக்கம். இரண்டு கதவுகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் சைலன்சரை மாற்றியிருந்தார். என்ஜினின் கணினி அமைப்பைத் திருத்தி வேகத்தைக் கூட்டியிருந்தார். வண்டியின் உயரத்தையும் குறைத்திருந்தார். எனக்கு இசை மீது தீராத ஆசை. காருக்கு ஒலி அமைப்பு பொருத்தித் தரும் ஒரு நிலையத்தில் 6,40,000 ரூபாய் கொடுத்து, ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர், கதவு ஸ்பீக்கர்கள் என்று முழுமையாகப் பொருத்தினேன். பின் இருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சப்வூஃபர் பெட்டியை வைத்தார்கள். 5,00,000 ரூபாயை வங்கி வழியாகவும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தேன். பில் தரவில்லை. பொருள்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்தில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்து தீப்பிடித்தது. கையிலிருந்த தீயணைப்பானால் அணைத்துவிட்டேன். கம்பெனி ஒயரிங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் எரிந்துபோயின. நிலையத்தாரோ, "மாற்றியமைத்த வண்டி, அதனால்தான் எரிந்தது. வழக்குப் போட்டால் சட்டவிரோத வண்டி வைத்திருந்ததற்கு நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்" என்றார்கள். இப்போது, "வண்டியைக் கொண்டு வாருங்கள், ஒயரிங்கை இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். மாற்றங்களைத் தெரிவிக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனமும் கிளைமை மறுத்துவிட்டது. சைலன்சர் சத்தத்துக்காகப் போக்குவரத்துக் காவலரிடம் ஒருமுறை அபராதமும் கட்டியிருக்கிறேன். நான் வழக்குப் போடலாமா? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்:

முதலில் ஒரு காரியத்தை முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். காரை எந்தப் பணிமனைக்கும் அனுப்பாதீர்கள். குறிப்பாக, இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் அந்த நிலையத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அவர்கள் ஒயரிங்கை மாற்றித் தந்த மறுநாள் உங்கள் வழக்கில் சாட்சி இருக்காது. அவர்கள் நல்ல மனதோடு கேட்கிறார்களோ இல்லையோ, விளைவு ஒன்றுதான். வண்டியை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வெயிலும் மழையும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் வழக்குப் போடலாம். நிலையத்துக்கு எதிரான உங்கள் வழக்கு வலுவானது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம்.

அந்தப் படத்தில் பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு சிவப்பு ஒயர் கிளம்புகிறது. என்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் துளை போட்டு, அதன் வழியே அதை உள்ளே விட்டிருக்கிறார்கள். துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் எதுவும் தெரியவில்லை, வெறும் தகரம்தான். சரியாக அந்த இடத்தில்தான் ஒயரின் மேலுறை கருகி உரிந்திருக்கிறது. ஐந்தாவது படத்தில் ஃபியூஸ் இருக்கிறது. ஆனால் அது வண்டியின் பின்பக்கம், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் எதையும் நான் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் கைதேர்ந்த எவரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்: ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முக்கிய ஒயரில், பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 45 சென்டிமீட்டருக்குள், ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயரைக் காப்பதுதான் அந்த ஃபியூஸின் வேலை. வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்). உறை கிழிந்த ஒயர் தகரத்தைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் அந்த இடத்தில் கொட்டும். பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் இருந்தால் அது உருகி மின்சாரத்தை நிறுத்திவிடும். பின்பக்கம் இருக்கும் ஃபியூஸுக்கு முன்னால் நடப்பதே தெரியாது. ஒயர் அடுப்புக் கம்பியைப் போலச் சிவந்து, பக்கத்தில் ஓடும் கம்பெனி ஒயரிங்கையும் சேர்த்து எரிக்கும். உங்கள் வண்டியிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று படங்கள் சொல்கின்றன. இதை ஒரு நிபுணர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும்.

இன்னொன்று. எரிந்த ஒயரின் நுனியை நீங்களே கத்தியால் சுரண்டிப் பார்த்ததாகவும், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்ததாகவும் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் பட்டியலிலோ "சுத்தச் செம்பு" என்று இருக்கிறது. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயராக இருக்கலாம். அதே தடிமனுள்ள செம்பின் மின்கடத்தும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு உண்டு. ஒன்றைச் சொல்லி, அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டு, வேறொன்றைப் பொருத்தியிருந்தால் அது தனியான ஒரு குற்றச்சாட்டு. தயவுசெய்து இனி எங்கும் சுரண்டாதீர்கள்.

இப்போது அந்த மிரட்டலுக்கு வருவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்திருப்பது அதுதான் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182அ(4), அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. சைலன்சர் சத்தம் பிரிவு 190(2)-இன் கீழ் வரும். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க அதில் இடமுண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும்.

ஆனால் பிரிவு 52-லேயே ஒரு விளக்கம் இருக்கிறது. வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் மாறுதலைத்தான் சட்டம் "மாற்றம்" என்கிறது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அந்த வகையில் சேர்வதாக நான் கருதவில்லை. ஆர்.சி.யில் ஸ்பீக்கருக்கென்று ஒரு கட்டமும் கிடையாது. எனவே ஒலி அமைப்பு பொருத்தித் தருவதற்காக நீங்களும் நிலையமும் செய்துகொண்ட ஒப்பந்தம் சட்டப்படியானது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23-ஐக் காட்டி, சட்டவிரோத நோக்கம் கொண்டது என்று அதைத் தள்ளிவிட முடியாது. சைலன்சருக்காக அரசுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். ஃபியூஸ் வைக்காததற்கு நிலையம் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது. என்ஜின் கணினியைத் திருத்தியதற்கும் ஆம்ப்ளிஃபையர் ஒயர் தகரத்தில் உரசியதற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் நிபுணரின் அறிக்கையில் இந்தக் கேள்விக்கு நேரடியான விடை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் இருக்கை விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் சாதகமாக நான் பேச முடியாது. இருக்கைகளின் எண்ணிக்கை ஆர்.சி.யில் உள்ள விவரம். நான்கு பேர் அமரும் வண்டி என்று பதிவாகியிருக்க, இரண்டு இருக்கையோடு ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆய்வு முடிந்ததும் இருக்கையைத் திரும்பப் பொருத்துங்கள்; சைலன்சரையும் உயரத்தையும் தயாரிப்பாளரின் அளவுக்கே கொண்டு வாருங்கள். இருக்கையை எடுக்கச் சொன்னது யார் என்பது வாட்ஸ்அப் உரையாடலில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். நிலையமே அந்த யோசனையைச் சொல்லியிருந்தால், தொழில் தெரிந்தவர்கள் உங்களைத் தவறான வழியில் நடத்தினார்கள் என்று வாதிட அது உதவும்.

வழக்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து ஆணையம் முடிவாவதில்லை. நீங்கள் கொடுத்த தொகைதான் கணக்கு. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 6,40,000 ரூபாய்க்கான மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். நிலையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எரிந்த பாகங்களுக்கான செலவைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேளுங்கள். பழுதுச் செலவுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்துபூர்வமான மதிப்பீடு வாங்கினால் போதும். அதற்காக வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை.

பில் இல்லையே என்று தயங்காதீர்கள். பில் தராமல் விட்டதே அந்தச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதையும் மனுவில் ஒரு குறையாகச் சேருங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை இருக்கிறது. வாட்ஸ்அப் பட்டியல் இருக்கிறது. அந்த உரையாடல் உள்ள போனை மாற்றாதீர்கள். ஒரு செய்தியைக்கூட அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றை முன்வைக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4)-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்; உங்கள் வழக்கறிஞர் அதைத் தயார் செய்வார். ரொக்கமாகக் கொடுத்த 1,40,000 ரூபாய்க்கு, "மீதியும் வந்துவிட்டது" என்பது போன்ற ஒரு வரி உரையாடலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரியே போதும்.

நிபுணரைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உண்டு. ஆய்வு இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒயரின் உலோகம் எது என்பதற்கு இந்த வழி பொருத்தம். அது நடப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், இப்போதே வாகனச் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். ஆய்வு நடக்கும் நாளையும் நேரத்தையும் பதிவுத் தபாலில் நிலையத்துக்குத் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டாலும், "எங்கள் முதுகுக்குப் பின்னால் எதையோ மாற்றிவிட்டார்கள்" என்று பிறகு சொல்ல அவர்களுக்கு வாயிருக்காது. பல வழக்குகள் இந்த ஒரு தபாலில் பிழைத்திருக்கின்றன. அது இல்லாமல் தோற்றவையும் உண்டு.

காப்பீட்டு நிறுவனத்தின் மீது உங்களுக்கு உள்ள கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கம் உங்கள் நிலை சற்றுப் பலவீனமானதுதான். பாலிசி எடுத்தபோது நிரப்பிய படிவத்தை எடுத்துப் பாருங்கள். வண்டியில் மாற்றங்கள் உண்டா என்று கேட்டு, நீங்கள் இல்லை என்று எழுதியிருந்தால் சிக்கல். கேட்கவே இல்லை என்றால் கதை வேறு. ஒலி அமைப்பு பாலிசிக்குப் பிறகு வந்தது. கம்பெனி விலையில் சேராத மின்னணுப் பொருள்களுக்குத் தனி பிரீமியம் கட்டி, ஐ.எம்.டி. 24 என்ற ஒப்புறுதியை (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவை) வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாததால் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் காப்பீட்டிலிருந்து பணம் வராது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வண்டி எரிந்த விஷயம் அப்படியில்லை. தனியார் காருக்கான முழுமையான பாலிசி தீயையும் தானாகப் பற்றிக்கொள்வதையும் பெயர் சொல்லியே ஏற்கிறது. மின்கோளாறை விலக்கும் வாசகமும் அதில் உண்டு. அதைக் காட்டி அவர்கள் வாதிடலாம். கோளாறு ஏற்பட்ட பாகத்தின் விலை வேறு, அதனால் மூண்ட தீ எரித்த மற்ற பாகங்களின் விலை வேறு என்பது நம் பதில். நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளைமை அடியோடு மறுக்காமல் "நான்-ஸ்டாண்டர்டு" அடிப்படையில் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொன்ன அமலேந்து சாகு வழக்கின் தீர்ப்பு (உச்ச நீதிமன்றம், 2010) உங்களுக்குத் துணை. அந்த வழக்கு தனிப்பயன் வண்டியை வாடகைக்கு விட்டது பற்றியது. உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எடுத்துவைக்கத் தகுந்தது.

இதற்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் காத்திருங்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மனு போய்விட வேண்டும். அதே நிறுவனத்தின் மீது இதே விஷயத்தில் நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் மனுவை ஏற்கமாட்டார். அதனால் நுகர்வோர் மனுவில் இப்போதைக்கு நிலையத்தை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒரே பழுதுச் செலவை இருவரிடமும் முழுதாக வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சர்வீஸ் சென்டர் வாரண்டி தர மறுத்தால் அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். வெளியே பொருத்திய பொருளால் வந்த சேதத்தை வாரண்டி ஒப்பந்தங்கள் வழக்கமாகவே விலக்கிவிடுகின்றன.

நுகர்வோர் மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அதைக் கேட்டு நிதானமாக இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே நிலையத்துக்கு ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பேட்டரி முனை, தகரத் துளை, பின்பக்க ஃபியூஸ் மூன்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து மறுபடி படமெடுங்கள். பேட்டரி முனையிலிருந்து அந்த ஃபியூஸ் வரை ஒயரின் நீளம் எவ்வளவு என்று சர்வேயரை அளந்து எழுதச் சொல்லுங்கள். நிலையத்தாரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு கிடைத்தால், நான் கேட்கும் முதல் கேள்வி அந்த நீளத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.