1862-ல் 'மால்வெர்ன்' கடிதமா? காசைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புப் போர்க்கப்பலான யு.எஸ்.எஸ். மால்வெர்னிலிருந்து ஒரு மாலுமி வீட்டுக்கு எழுதியது என்று இணையத்தில் ஒருவர் கடிதம் விற்கிறார். தேதி ஆகஸ்ட் 1862. சான்றிதழும் உண்டாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தேதியில் அந்தக் கப்பல் வேறு பெயரில், எதிர்த்தரப்பான தெற்குக்காக, அதன் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்து வைத்திருந்த முற்றுகையை மீறிச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பிறகு 'எல்லா அண்ட் ஆனி' என்ற பெயரில் ஓடியபோதுதான், 1863 நவம்பர் 8 அன்று வட கரோலினா கரையோரம் வடக்கின் போர்க்கப்பல் யு.எஸ்.எஸ். நிஃபான் அதைப் பிடித்தது. மோதிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தும் முடியவில்லை. டிசம்பரில் பழைய பெயரோடே அவசரமாகக் கடற்படை வேலைக்கு அனுப்பினார்கள், 1864 பிப்ரவரியில்தான் அது மால்வெர்ன் ஆனது. அப்புறம் வடக்குக் கடற்படைத் தளபதி அட்மிரல் போர்ட்டரின் தலைமைக் கப்பல்.

அந்தப் போரில் பிடிபட்ட கப்பலை நீதிமன்றம் பறிமுதல் செய்ய, கடற்படை விலைக்கு எடுத்து, பல சமயம் பெயர் மாற்றி, முற்றுகைக் காவலுக்கு அனுப்பியது. வேகமான கப்பல்களைத் துரத்த வேகமான கப்பல்தானே வேண்டும்! அதனால் கடிதத் தேதி கப்பல் பணியில் சேர்ந்த தேதிக்கு முந்தியதா என்று முதலில் பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் எல்லாக் கப்பலுக்கும் பெயர் மாறவில்லை. 'பீட்டர்ஹாஃப்' அப்படித்தான். 1863 பிப்ரவரியில் பிடித்தார்கள், ஓராண்டு கழித்து அதே பெயரில் பணியில் சேர்த்தார்கள், சில வாரத்திலேயே, 1864 மார்ச் 6 அன்று, தங்கள் தரப்புப் போர்க்கப்பல் மான்டிசெல்லோவே மோதி அது மூழ்கிவிட்டது. போர் முடிந்தபின் உச்ச நீதிமன்றம், பிடிபட்டபோது அது போய்க்கொண்டிருந்த மெக்சிகோவின் மாட்டமோரஸ் துறைமுகத்துக்குப் போவது முற்றுகையை மீறியதாகாது என்று சொல்லிக் கப்பலை உரிமையாளர் பக்கம் தீர்த்தது. அதற்குள் கப்பலே கடலடியில்! ஆக, 'பீட்டர்ஹாஃப், 1864 மே' என்று யாராவது கடிதம் நீட்டினால் அதையும் தொடாதீர்கள்.

சான்றிதழ் என்பது விற்பவரே அச்சடித்த தாளாகவும் இருக்கலாம். 'ஆவணத் தேடல் கட்டணம்' என்று கேட்பவர்களிடமும் உஷார்: அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வரலாறுகளும், இரு தரப்புக் கடற்படைப் பதிவுத் தொகுதிகளும் இணையத்தில் இலவசம். ஆனால் நீதிமன்றக் கோப்பு பழைய பெயரில், கடற்படைக் கோப்பு புதுப் பெயரில் இருக்கும். இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.