ஹட்டன் மழையும் சோலார் பேனலும்

இலங்கை மலையகத்து ஹட்டனில், ஜூலையில் கூரை சோலார் பேனல் பாதி மின்சாரம்கூடத் தரவில்லை, மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுவிடுகிறது, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாறவில்லை.

மின்வெட்டில் நிற்பது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்பவர்மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் அப்படி அணைகிறது. பேட்டரி போட்டால் சமாளிக்கலாம், செலவுதான் கையைக் கடிக்கும். விற்றவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

ஜூலை உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள், வெயிலும் குளிரும் சேர்ந்தால் பேனல் உற்சாகமாக ஓடும். உங்கள் இணைப்பு நெட் மீட்டரிங், அதாவது நீங்கள் கம்பிக்குத் தரும் மின்சாரத்தை எடுப்பதில் கழிக்கும் முறை, என்றால் அப்போது மிஞ்சும் அலகுகள் அடுத்த மாதக் கணக்கில் சேரும், காசாக வராது. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரை சோலார் திட்டத்தோடு வந்த நெட் அக்கவுன்டிங் முறையில்தான் மிகுதிக்குப் பணம்.

நிழலையும் பாருங்கள். எங்கள் கூரையில் மாலை மூன்று மணிக்கு ஒரு யூக்கலிப்டஸ் கிளையின் நிழல் ஒரே பேனலில் விழுந்தது, அதோடு தொடராக இணைத்த பேனல் வரிசை முழுவதும் சோர்ந்துவிட்டது. கிளையை வெட்டிய அன்றே சரியானது. உங்கள் கூரையை மூன்று மணிக்குப் படம் எடுத்துப் போடுங்கள்.