2016-ம் வருட சிங்கப்பூர் வெள்ளி ரேட்டுக்கு 2,500 ரூபாயா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு 2019-ல் ஊர் திரும்பியவர். 2016-ல் அங்கே ஒரு வங்கியில் போட்ட 45,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) டெபாசிட் இன்னும் அங்கேயே இருக்கிறது, வருடத்துக்கு 1,100 வெள்ளி போல வட்டி. "கூகுளில் ஒரு ரேட், டவுன்ஹால் ரோட்டில் காசு மாற்றுகிறவரிடம் ஒரு ரேட், பேங்க் தாளில் ஒரு ரேட். வருமான வரிக்கு எதைப் போடுவது? தப்பாகப் போட்டால் நோட்டீஸ் வருமா? 2016 ரேட்டுக்கு சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 2,500 கேட்கிறார், 500 முன்பணம் கொடுத்துவிட்டேன்" என்கிறார்.

முதலில் அந்த மீதி 2,000-ஐக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு 2016 ரேட்டே வேண்டாம். டெபாசிட் போட்ட தேதியைத்தான் வருமான வரிப் படிவத்தில் கேட்கிறார்கள், அந்தத் தேதியில் வெள்ளி என்ன விலை விற்றது என்று யாரும் கேட்கவில்லை. இல்லாத தேவைக்கு சர்டிபிகேட் விற்கிற இந்த வியாபாரம் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிற ஊரிலெல்லாம் நடக்கிறது, அதுவும் ஜூலை மாதம் வந்தால் ஜோராக நடக்கிறது.

உங்களுக்குத் தேவை வேறு தேதிகள். வட்டிக்கு, நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டும் இருப்புக்கு, டிசம்பர் 31. அதோடு அந்த வருடத்தில் எந்த நாளில் இருப்பு அதிகமாக இருந்ததோ அந்த நாள். ஆமாம், ஒரே படிவத்தில் வட்டி ஏப்ரல்-மார்ச், சொத்து ஜனவரி-டிசம்பர். ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

எந்த ரேட்? ஸ்டேட் வங்கியின் டி.டி. பையிங் ரேட். 1962 வருமான வரி விதிகளில் 115-வது விதி அதைத்தான் சொல்கிறது. டி.டி. என்றதும் டிமாண்ட் டிராஃப்ட் என்று நினைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்பவர்கள் உண்டு; இது டெலிகிராபிக் டிரான்ஸ்பர், அதாவது தந்தி வழியாகப் பணம் அனுப்புவது. நாட்டில் தந்தியை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள், விதியில் மட்டும் தந்தி இன்னும் ஓடுகிறது. வங்கியின் தினசரித் தாளில் ஒரு நாணயத்துக்கு நேரே வரிசையாகப் பல எண்கள் இருக்கும்: டி.டி. வாங்குவது, விற்பது, பில் வாங்குவது, விற்பது, கடைசியில் கரன்சி நோட்டு. சிங்கப்பூர் வெள்ளிக்கு நேரே 'டி.டி. பை' என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். ரிசர்வ் வங்கி ரெபரன்ஸ் ரேட்டைப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். விதியில் அது இல்லை. தவிர அது பல வருடமாக டாலர், பவுண்டு, யூரோ, யென் நான்குக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, உங்கள் வெள்ளி அதில் கிடையாது.

கொடுமை என்னவென்றால், சட்டம் கேட்கிற இந்தத் தாள் தினமும் மாறிவிடும். இன்றைய தாள் கிடைக்கும், போன வருடத் தாளைத் தேடி அலைய வேண்டும். புரோக்கர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, 2025 மார்ச் 31 ரம்ஜான். இப்படி வந்தால் அதற்கு முந்தின வேலை நாள் தாளை எடுப்பதுதான் வழக்கம். இனிமேல் அந்தந்த நாளில் தாளை இறக்கி பிரிண்ட் எடுத்து டெபாசிட் ரசீதோடு வைத்துவிடுங்கள். பழையதற்கு, வெளிநாட்டு நாணயப் பிரிவு இருக்கும் கிளையில் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

நம் தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் காசில் மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், நம் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). ஆக ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே, பல பத்து வருடம் அசையவே இல்லை. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனதும் அதே வெள்ளி ஒரே நாளில் இரண்டரை ரூபாயை நெருங்கிவிட்டது.

சரி, நோட்டீஸ் பயம். கூகுள் ரேட்டுக்கும் டி.டி. ரேட்டுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,100 வெள்ளிக்கு 1,100 ரூபாய். இருபது சதவீத வரியில் 220 ரூபாய். அதுவும் கூகுள் ரேட் போட்டால் நீங்கள்தான் அதிகமாகக் கட்டுவீர்கள். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். பயப்பட வேண்டியது கணக்கையே காட்டாமல் விடுவதற்கு. "சிங்கப்பூர் கணக்கு வருமான வரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஓதுகிற புரோக்கர் இருப்பார். இரண்டு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. உங்கள் அளவுக்கு இருப்பு வைத்துக்கொண்டு காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம் போட முடியும்.

ஒரே ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இதில்தான். வட்டியை மார்ச் 31-க்கு முன்பே முறையாக இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்தப் பகுதிக்கு மார்ச் 31 ரேட் பொருந்தாது. நவம்பரில் 400 வெள்ளி வட்டியை உங்கள் மேலூர் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்றால் அன்று ரூபாயில் என்ன வரவானதோ அதுதான் கணக்கு. மிச்சம் 700 வெள்ளிக்குத்தான் மார்ச் 31. ஆனால் அனுப்பியது வட்டி என்று தெரிய வேண்டும். அசலோடு கலந்து ஒரே தொகையாக 5,000 வெள்ளி அனுப்பிவிட்டு "அதில் 400 வட்டி" என்றால் வாதாட வேண்டிவரும், அதனால் வட்டியைத் தனியாக அனுப்புங்கள், பணம் வந்ததற்கு வங்கி தரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் கள்ளத்தனமாக, ஹவாலாவில்) வந்த பணத்துக்கு இந்த விலக்கு கிடையவே கிடையாது. வெள்ளிக்கு ஐம்பது காசு கூடத் தருகிறான் என்று உண்டியல்காரனிடம் போனவர், பிறகு என்னிடம் வந்து சீட்டு கேட்டால் நான் எங்கே போவேன்?

அந்த 500 ரூபாயைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார்.