அந்தக் காலத்து சென்ட் டப்பா: வாசகர் கேள்விகள்

போன வாரம் ஒரு வாசகர், பள்ளி நாட்களில் அடித்துக்கொண்ட பாடி ஸ்ப்ரே இப்போதும் அதே வாசனையோடு கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பெரும்பாலும் கிடைக்காது என்று சுருக்கமாக எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்ப்ரே பற்றியவைதான். சுருக்கித் தருகிறேன்.

2002-இல் கல்லூரி விடுதியில் நாலு பேர் காசு போட்டு ஒரு டப்பா வாங்குவோம். இப்போது அதே பெயரில் ஒன்று வாங்கினேன். அந்த வாசனையே இல்லை. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா? (வாசகர், திண்டுக்கல்)

பில்லோடு வாங்கி, டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், பேட்ச் எண் எல்லாம் தெளிவாக அச்சாகி இருந்தால் பெரும்பாலும் அசல்தான். மாறியிருப்பது உள்ளே இருக்கும் கலவை.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு ஸ்ப்ரேயின் வாசனை பல ரசாயனங்களும் எண்ணெய்களும் சேர்ந்தது. அதில் ஒன்றை எடுத்தாலும் பழைய மூக்குக்குத் தெரிந்துவிடும். சோப்பிலும் சென்ட்டிலும் பல வருடம் தாராளமாகச் சேர்த்துவந்த லிலியல் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்தது. இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்பது காரணம். லைரல் என்று இன்னொன்று. தோலில் ஒவ்வாமை தருகிறது என்று அதற்கு முன்பே அதையும் விலக்கிவிட்டார்கள். பல நாடுகளில் விற்கும் கம்பெனிகள் இப்படி ஒரு இடத்துக்காகக் கலவையை மாற்றும்போது மற்ற இடங்களிலும் மாற்றிவிடுவது உண்டு. செலவைக் குறைப்பதற்காக மாற்றுவதும் உண்டு.

உடம்புக்கு ஆகாததை எடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். என் கோபம், சொல்லாமல் மாற்றுவதில். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆல்கஹால், பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோபேன் என்று வரிசையாக இருக்கும். எதற்காக நாம் காசு கொடுக்கிறோமோ அந்த வாசனைக்கு மட்டும் பெர்ஃப்யூம் என்று ஒரே வார்த்தை. உள்ளே முழுவதும் மாறினாலும் வெளியே அந்த வார்த்தை மாறாது. கலவை தொழில் ரகசியம் என்பார்கள், சரி. வாசனை மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி அச்சடித்தால் எந்த ரகசியம் வெளியே போகும்? மூடியின் நிறம் மாறினாலே புதிய பேக் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே! இருபது வருடம் கழித்துத் தேடி வரும் வாடிக்கையாளரைவிட விசுவாசமான வாடிக்கையாளர் யார்? அவருக்கு அந்த ஒரு வரி மரியாதையாவது வேண்டாமா?

இது அற்ப விஷயம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாடி ஸ்ப்ரே வரும்வரை நம் ஊர் வீடுகளில் வாசனை என்றால் பாண்ட்ஸ் அல்லது குட்டிகூரா பவுடர்தான். துபாயிலிருந்து வந்த சென்ட் பீரோவில் பூட்டியிருக்கும், கல்யாணத்துக்குத்தான் வெளியே வரும். 1983-இல் பிரான்ஸில் பிறந்த ஆக்ஸ் ஸ்ப்ரே 1999-இல் இந்தியாவுக்கு வந்தது. சென்னைக் கம்பெனிகளான கெவின்கேரின் ஸ்பின்ஸும் டி.டி.கே.யின் ஈவாவும் பெண் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தன. வீட்டில் கேட்காமல், பஸ் காசை மிச்சம் பிடித்து, ஃபேன்சி ஸ்டோரில் தானே போய் வாங்கிய முதல் பொருள் நிறைய பேருக்கு இதுதான். அதைத் தேடிப் போவது நியாயமான ஆசை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் முகர்ந்தது ஸ்ப்ரேயை மட்டும் இல்லை. சட்டையில் இருந்த சலவை சோப்பு, கழுத்தில் இருந்த பவுடர், விடுதி அறை எல்லாம் அதில் கலந்திருந்தன. வெளிநாட்டுப் பதிப்பில் பழைய வாசனை அப்படியே இருக்கிறது என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, நானும் பல மடங்கு விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். அதிலும் அது இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கியிருக்கலாம். நீங்கள் அடுத்து எதையாவது முயன்றால் முதலில் சின்ன பாக்கெட் ஸ்ப்ரே வாங்குங்கள். கையில் அடித்து அரை மணி நேரம் விட்டு முகருங்கள். அடித்த உடனே வருவதில் பாதி ஆல்கஹால் நெடி.

நான் தேடிய பழைய ஸ்ப்ரே ஒரு ஆன்லைன் கடையில் இருக்கிறது. டப்பாவில் எம்.ஆர்.பி. 150 ரூபாய். அவர்கள் கேட்பது 1,400. அரிதான பொருள் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், விருதுநகர்)

வாங்காதீர்கள். பாக்கெட் செய்த பொருளை அதில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கிடைக்காத பொருள் என்பதால் அந்த விதி தளராது. பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அப்புறம், அந்த டப்பாவின் உபயோக காலம் முடிந்து எத்தனை வருடம் ஆகிறது என்று பார்த்தீர்களா?

பீரோவில் பதினைந்து வருடமாக இருக்கும் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடித்துக்கொள்ளலாமா? (வாசகி, கும்பகோணம்)

வேண்டாம். மூடியை மட்டும் முகர்ந்து பாருங்கள்.

பர்மா பஜாரில் வெளிநாட்டு ஸ்ப்ரே என்று மூன்று வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் வாசனை போய்விடுகிறது. பில் இல்லை. டப்பாவில் விலையும் இல்லை. பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது? (வாசகர், தாம்பரம்)

பில் இல்லை, விலை இல்லை, மூன்று வேறு வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கலாமே? பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக 1969-இல் உருவான பஜார் அது. அங்கே போவதில் தவறு இல்லை, நல்ல பொருளும் கிடைக்கிறது. ஆனால் முறையாக இறக்குமதியான டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாததைக் கையில் எடுத்த நிமிடமே பார்த்திருப்பீர்கள். விற்றவரிடமே போய் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்ப்ரே அடித்தும் வேர்வை நிற்கவில்லை. ஏமாற்றா? (வாசகர், கரூர்)

இல்லை. பாடி ஸ்ப்ரே வாசனைக்கு மட்டும். வேர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதில் அலுமினிய உப்பு இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கேஸ் இல்லாத ஸ்ப்ரே லாபமா? (வாசகி, ஈரோடு)

2011-இல் ஃபாக் என்ற பிராண்ட் வந்தபோது இதைச் சொல்லித்தான் சந்தையைப் பிடித்தது. சொன்னதில் விஷயமும் இருந்தது. கேஸ் டப்பாவில் 150 மி.லி. என்று போட்டிருந்தால் தள்ளும் வாயுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. பம்ப் பாட்டிலில் இருப்பது முழுக்கத் திரவம். அதனால் இரண்டையும் மி.லி. கணக்கில் மட்டும் ஒப்பிடாதீர்கள். பம்ப்பில் ஒரு அழுத்துக்கு நிறைய வரும். கை தாராளமாக இருந்தால் லாபம் போய்விடும்.

என் மகனுக்கு 14 வயது. அவன் அப்பா அந்த வயதில் அடித்த அதே பிராண்டை ஆசையாக வாங்கிக் கொடுத்தார். இப்போது அறை முழுக்கப் புகை மாதிரி அடிக்கிறான். சின்னவளுக்கு வீசிங் இருக்கிறது. (வாசகி, சேலம்)

அப்பா கொடுத்ததை நிறுத்த வேண்டாம், அடிக்கும் இடத்தை மாற்றுங்கள். சின்னவள் இருக்கும் அறையில் கூடவே கூடாது. மொட்டை மாடியோ பால்கனியோ போதும். உடம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்து இரண்டு முறை அடித்தால் போதும் என்று அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள், கேட்பான். அந்த வாயு சமையல் கேஸின் இனம், சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு எரியும்போது பக்கத்தில் நின்று அடிக்க விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் டப்பாவை வைக்கக் கூடாது.

நர்சிங் படிக்கிறேன். நானும் அண்ணனும் பள்ளியில் சேர்ந்து அடித்த ஸ்ப்ரேயை அவன் பிறந்தநாளுக்காக ஆன்லைனில் கிஃப்ட் செட்டாக 899 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த நான்கில் இரண்டு காலி. மற்ற இரண்டில் வெறும் ஸ்பிரிட் நெடி. ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள். சேர்த்து வைத்த பணம் சார். (வாசகி, நாகர்கோவில்)

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. காலி டப்பாவை அனுப்பிவிட்டு ரிட்டர்ன் கிடையாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. நான்கு டப்பாவையும் பார்சல் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். எடை போட்டுப் படம் எடுங்கள். காலி என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915-க்கும் பேசிவிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். புகார்க் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் பில்லையும் படங்களையும் எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.