ஒரே சட்டி சிக்கன் பாஸ்தா: சிக்கன் ரப்பரா போறதுக்கு உங்க சட்டி காரணம் இல்ல

கேள்வி: வேலை முடிஞ்சு வந்து ராத்திரி சாப்பாடு சீக்கிரம் ஆகட்டுமேன்னு ஒரே சட்டில சிக்கன், காய்கறி, பாஸ்தா எல்லாம் சேத்து செய்யப் பாக்குறேன். மூணு தடவை செஞ்சாச்சு. மூணு தடவையும் சிக்கன் ரப்பர், பாஸ்தா வெளிய பசை, உள்ள கடக்குன்னு இருக்கு, அடியும் பிடிக்குது. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 300 கிராம், பென்னே 200 கிராம், ஒரு பாட்டில் சாஸ், கேரட், குடமிளகாய் எல்லாத்தையும் ஒண்ணா போட்டு மூடி வைக்கிறேன், வீடியோல அப்படித்தான் காட்டுறாங்க. அவங்களே ஒரு கிரானைட் சட்டிக்கு லிங்க் குடுத்திருக்காங்க, அத வாங்கினா சரியாகுமா?

பதில்: ஆகாதும்மா. வாங்காதீங்க, ஆர்டர் போட்டிருந்தா கேன்சல் பண்ணிடுங்க. இப்ப இருக்குற சட்டியே போதும், அடி கொஞ்சம் கனமா அகலமா இருந்தா சரி.

நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு பாருங்க, "எல்லாத்தையும் ஒண்ணா போட்டு மூடி வைக்கிறேன்"னு. பென்னேக்கு இந்த முறையில 12, 13 நிமிஷம் வேணும், சின்னத் துண்டா வெட்டின நெஞ்சுக்கறிக்கு அஞ்சாறு நிமிஷம் போதும். கோழிக்கறி நடுவுல 74 டிகிரி செல்சியஸ் சூடு வந்துட்டா சாப்பிட பாதுகாப்பானது, அதுக்கு மேல ஏற ஏற சதை இறுகி உள்ள இருக்குற சாற வெளிய பிழிஞ்சு விட்டுடும். நீங்க அத கொதிக்கிற சாஸ்ல, அதாவது 100 டிகிரி பக்கத்துல, தேவைக்கு மேல ஏழெட்டு நிமிஷம் மூடி போட்டு வெச்சிருக்கீங்க, அது ரப்பராகாம என்ன பண்ணும். ஒரே சட்டின்னா கழுவ ஒரு பாத்திரம், அவ்ளோதான், எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடணும்னு யாரும் சட்டம் போடல.

அதனால சிக்கன முதல்ல வறுத்து வெளிய எடுத்துடுங்க, கடைசில திரும்பப் போடுங்க, உங்க பிரச்சினைல பாதி இங்கயே தீர்ந்துது. துண்டு ரெண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும், ரொம்ப பொடிசா வேணாம். கழுவாதீங்க, கழுவினா கிருமி சிங்க் முழுக்க, பக்கத்துல வெச்சிருக்குற காய்கறி மேலயும் தெறிக்கும், சாகாது, சூட்டுல தான் சாகும். டிஷ்யூவால ஒத்தி ஈரத்த எடுங்க, அரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டுங்க. சட்டி நல்லா சூடானதும் எண்ணெய் விட்டு துண்டுங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ரெண்டு நிமிஷம் கைய வைக்காம விடுங்க, கிளறணும்னு கை பரபரன்னு இருக்கும், விடுங்க. தானா அடிய விட்டு எழும்பும், அப்ப திருப்பினா கீழ்ப்பக்கம் செம்பழுப்பா இருக்கும். இன்னும் ஒண்ணரை ரெண்டு நிமிஷம், எடுத்து சுத்தமான தட்டுல வைங்க, பச்சைக்கறி இருந்த தட்டுல இல்ல. உள்ள இன்னும் முழுசா வெந்திருக்காது, அதனால தட்டுல இருந்து ஒரு துண்ட எடுத்து வாயில போடுறது, குழந்தைக்கு ஊட்டிப் பாக்குறது எல்லாம் வேணாம்.

இப்ப ஒண்ணு கவனிங்க. நல்லா சூடான சட்டில நெருக்காம பரப்பிப் போட்டும் ஓரத்துல வெள்ளை வெள்ளையா நுரை கட்டி தண்ணி விட்டு, கறி வறுபடாம அந்தத் தண்ணிலயே வேகுதுன்னா உங்க கை மேல தப்பு இல்ல, கறில தண்ணி ஏத்தியிருக்கலாம். நான் ஒரு தடவை 500 கிராம் பாக்கெட் வாங்கினேன், கம்பெனி பேர் வேணாம், சட்டில போட்ட மூணாவது நிமிஷம் முக்கா டம்ளர் தண்ணி நிக்குது, பாக்கெட்ட திருப்பிப் பாத்தா பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல "தண்ணீர், உப்பு, நிலைப்படுத்தி சேர்க்கப்பட்டது"ன்னு இருக்கு. உப்புத் தண்ணிய ஊசியால ஏத்தி எடைய கூட்டி விக்கிறாங்க, நாம கறி விலைக்கு தண்ணி வாங்குறோம். முன்னாடி பச்சைப் புல்வெளி படம் போட அவ்ளோ இடம் இருக்கு, இத எழுத மட்டும் இடம் இல்லையா? பின்னாடி எழுதினா போதும்னு விதி இருக்குற வரைக்கும் பின்னாடி தான் எழுதுவாங்க. அதனால பாக்கெட்ல பொருள் பட்டியல்னு ஒண்ணு இருந்தாலே சந்தேகப்படுங்க, கோழிக்கறிக்கு எதுக்கு பொருள் பட்டியல்? வேற வழி இல்லாம அதத்தான் வாங்கினீங்கன்னா ரெண்டு தரமா பிரிச்சு வறுங்க, மேல போடுற உப்ப குறைங்க, அதுக்குள்ளயே உப்பு இருக்கு.

சிக்கன எடுக்கணும்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, தொடைக்கறி. இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா பாதி பேர் இதுல தான் குழம்புறாங்க, "எங்க வீட்ல எடுக்காமயே செய்றோம், நல்லாத்தான் வருது"ன்னு சொல்றவங்க எல்லாரும் தொடைக்கறி போடுறவங்க. தொடைல கொழுப்பு ஜாஸ்தி, சதைக்கு நடுவுல இணைப்புத்திசுவும் ஜாஸ்தி, அது சூட்டுல மெதுவா உருகி ஜெல்லி மாதிரி ஆகி கறிய மெத்துன்னு வெச்சுக்கும், அதனால 80, 85 டிகிரி போனாலும் நெஞ்சுக்கறி மாதிரி வறண்டு போகாது. அப்ப தொடைக்கறின்னா வறுத்துட்டு எடுக்காம அதுமேலயே வெங்காயம் போடலாமா? போடலாம். ஆனா எலும்பு எடுத்த தொடையா இருக்கணும், எலும்போட இருந்தா பாஸ்தா வெந்த நேரத்துக்கு எலும்பு பக்கம் வேகாம நிக்கும். தோலும் எடுத்திருக்கணும், தோலோட கொதிச்சா கொழகொழன்னு ஆகிடும். அப்புறம் பாதி நெஞ்சு பாதி தொடைன்னு கலந்து போட்டீங்கன்னா விதிவிலக்கு செல்லாது, நெஞ்சு இருந்தா நெஞ்சோட கணக்கு தான், எடுத்தே ஆகணும். "கறி துண்டு"ன்னு கலந்து வெட்டி வர்ற பாக்கெட்ல எது எதுன்னு தெரியாது, அப்பவும் எடுத்துடுங்க. தெளிவா தொடை, எலும்பு இல்ல, தோல் இல்ல, இந்த மூணும் சேந்தா மட்டும் உள்ளயே விடலாம். உங்களமாதிரி வேலை முடிஞ்சு களைச்சு வர்றவங்களுக்கு நான் சொல்றது அடுத்த தடவை தொடைக்கறியே வாங்குங்கன்னு தான், நாலு நிமிஷம் கூட இருந்தாலும் அது பொறுத்துக்கும்.

சரி, பாஸ்தாவுக்கு வரேன். சிக்கன எடுத்த சட்டில அடில பழுப்பா ஒட்டிட்டு இருக்கும்ல, அத தேச்சு கழுவிடாதீங்க, ருசியே அதுல தான் இருக்கு. வெங்காயம், பூண்டு போட்டு வதக்கி ஒரு கரண்டி தண்ணி ஊத்தி சுரண்டினா எல்லாம் கரைஞ்சு வந்துடும். அப்புறம் 600 மில்லி சுடுதண்ணி, அரை டீஸ்பூன் உப்பு, கொதி வந்ததும் பாஸ்தா.

ஏன் 600? 200 கிராம் காஞ்ச பாஸ்தா வெந்தா கிட்டத்தட்ட 450 கிராம் ஆகும், அதாவது 250 மில்லி அதுவே குடிச்சுடும். ஒரு 200 மில்லி ஆவியா போகும், மிச்சம் தான் சாஸ். அகலமான சட்டி, மூடாம வெச்சா ஆவி ஜாஸ்தி, அதனால பக்கத்துல ஒரு டம்ளர் சுடுதண்ணி ரெடியா வெச்சுக்கோங்க. பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க, கொதி அடங்கிடும், கொதி அடங்குற நேரத்துல தான் பாஸ்தா வேகாமயே ஊறி வெளிப்பக்கம் பசையாகும்.

நீங்க பண்ணின பெரிய தப்பு பாட்டில் சாஸ முதல்லயே ஊத்தினது. கெட்டியான சாஸ்ல பாஸ்தாவுக்கு குடிக்கத் தண்ணி கிடைக்காது, கெட்டியா இருக்குறது அடில போய் உக்காந்து தீயும், மேல இருக்குறது கடக்குன்னே நிக்கும். சிக்கன் ரப்பரானது தவிர நீங்க சொன்ன மத்த குறை எல்லாம் இது ஒண்ணுலயே வந்துடும். முதல்ல தண்ணில எட்டு நிமிஷம் வேகட்டும், அதுக்கப்புறம் தக்காளி சாஸ் ஊத்துங்க. பாஸ்தாவ தண்ணில போட்ட உடனே முதல் ரெண்டு நிமிஷம் விடாம கிளறுங்க, ஒட்டுறது எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துல தான், மேல்பக்கம் மாவு இளகி பசை மாதிரி இருக்குற நேரம் அது. தண்ணில எண்ணெய் விட்டா ஒட்டாதுன்னு சொல்வாங்க, எண்ணெய் மேல மிதக்கும், பாஸ்தா அடில கிடக்கும், ரெண்டும் எங்க சந்திக்கும்?

உப்பு கணக்க மறந்துடாதீங்க. பாக்கெட்ல 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்புன்னு போட்டிருப்பாங்க, அது வடிச்சுக் கொட்டுறவங்களுக்கு. நாம வடிக்கிறது இல்ல, போட்டது எல்லாம் வயித்துக்குள்ள தான் போகும். அந்தக் கணக்குல 20 கிராம் போட்டீங்கன்னா வாயில வைக்க முடியாது. ஸ்டாக் க்யூப் (சூப்புக்குப் போடுற உப்புள்ள மசாலாக் கட்டி) போட்டா தண்ணிக்கு வேற உப்பே வேணாம்.

காய்கறி சிம்பிள்: கேரட், பீன்ஸ் மாதிரி கெட்டியானது பாஸ்தாவோடயே, குடமிளகாய், ப்ரோக்கோலி, பட்டாணி கடைசி நாலு நிமிஷம், கீரை அடுப்ப அணைச்சப்புறம். காளான் போடுறதா இருந்தா சிக்கன எடுத்த உடனே தனியா வறுத்துக்கோங்க, அதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி தான்.

பாஸ்தா பாக்கெட் பத்தி சொல்லாம விட முடியல. இந்த முறைக்கு துரம்னு சொல்ற கெட்டி வகை கோதுமை ரவைல செஞ்ச பாஸ்தா தான் வேணும், அதுல இருக்குற புரதம் வலை மாதிரி மாவுச்சத்த பிடிச்சு வெச்சுக்கும், மைதா பாஸ்தா பத்து நிமிஷத்துல குழைஞ்சு கூழாகிடும். வடிக்கிற முறையிலயாவது அந்தக் கூழ் தண்ணியோட போய்டும், ஒரே சட்டில எல்லாம் உள்ளயே நிக்கும். இத்தாலில 1967லயே சட்டம் போட்டாங்க, அங்க செஞ்சு அங்கயே விக்கிற காஞ்ச பாஸ்தா துரம் ரவைல தான் இருக்கணும்னு. அப்படிச் சட்டம் இல்லாத இடத்துல என்ன நடக்குது? முன்னாடி பெருசா கோதுமைக் கதிர் படம், "துரம் கலந்தது"ன்னு ஒரு வார்த்தை, கலந்தது எவ்ளோன்னு கேட்டா பதில் இல்ல. பின்னாடி பொருள் பட்டியல்ல எது முதல்ல இருக்கோ அது தான் எடையில ஜாஸ்தி. முதல் பேர் மைதான்னு இருந்தா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க. 100 கிராமுக்கு புரதம் 12 கிராமுக்கு மேல இருந்தா நம்பி எடுக்கலாம். ஒரே வடிவமா போடுங்க, மிச்சம் மீதிய எல்லாம் கலக்காதீங்க.

கிரானைட் சட்டி. இத கேட்டாலே எனக்கு கோவம் வருது, என்கிட்ட சமையல் கத்துக்க வர்றவங்கள்ல பாதி பேர் இப்படி ஒண்ண வாங்கிட்டு தான் வர்றாங்க. கிரானைட்னு விக்கிறதுல பெரும்பாலானது அலுமினியத்து மேல சாதாரண நான்ஸ்டிக் பூச்சு, கல்லு மாதிரி தெரிய புள்ளி புள்ளியா தெளிச்சிருப்பாங்க, கல்லுல குடைஞ்ச சட்டி இல்ல. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல சிதைய ஆரம்பிக்கும், காலி சட்டிய பெரிய தீயில வெச்சா சில நிமிஷத்துல அந்தச் சூட்ட தொட்டுடும். சிக்கன செவக்க வறுக்க நல்ல சூடு வேணும், ஒட்டாத சட்டில அடில ருசியும் ஒட்டாது, அப்புறம் எதுக்கு அது? வீடியோல லிங்க் குடுக்குறவங்களுக்கு நீங்க வாங்கினா கமிஷன், அதனால தான் பாஸ்தா வராததுக்கு சட்டி மேல பழி போடுறாங்க, வெச்ச நேரம் தப்புன்னு சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும்? வீடியோல எல்லாத்தையும் ஒண்ணா போடுறத காட்டுவாங்க, மூடுவாங்க, அடுத்த காட்சி திறக்குறது. நடுவுல என்ன நடந்துதுன்னு பாத்தீங்களா? கனமான எவர்சில்வர் சட்டி ஒண்ணு வீட்ல இருந்தா அது போதும். பூச்சு இல்லாத இரும்புச் சட்டி மட்டும் வேணாம், தக்காளி புளிப்புக்கு இரும்பு வாடை வரும்.

கடைசி நாலு நிமிஷம் வந்ததும் சிக்கனையும் தட்டுல இறங்கின சாறையும் சேத்து சட்டில கொட்டுங்க, அந்தச் சாறும் கொதிச்சாகணும். பெரிய துண்ட ஒண்ண வெட்டிப் பாருங்க, நடுவுல கண்ணாடி மாதிரியோ ரோஸ் கலரோ தெரியக் கூடாது. குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் இருந்தா 74, காசு செலவழிக்கணும்னா சட்டிக்குப் பதிலா இதுக்கு செலவழிங்க. க்ரீம், சீஸ் போடுறதா இருந்தா அடுப்ப அணைச்சுட்டு, தக்காளிக் கொதில போட்டா திரியும். சீஸ் கட்டியா வாங்கித் துருவுங்க, துருவி வர்ற பாக்கெட்ல ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க, சரியா இளகாது. இறக்கும்போது சாஸ் கொஞ்சம் தளதளன்னே இருக்கட்டும், தட்டுக்குப் போறதுக்குள்ள பாஸ்தா இன்னும் குடிச்சுக்கும்.

மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல, மறுநாள் கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஆவி பறக்க சூடு பண்ணுங்க.

ஆறு பேருக்கு செய்யணும்னா எல்லாத்தையும் ரெண்டு மடங்கு போடலாம், தண்ணிய மட்டும் போடாதீங்க. ஆவியா போறது சட்டியோட அகலத்தப் பொறுத்தது, அது ரெண்டு மடங்கு ஆகாது, அதனால 400 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர்ல ஆரம்பிங்க. சிக்கன கண்டிப்பா ரெண்டு தரமா வறுங்க, ஒரே தரமா கொட்டினா சட்டி சூடு இறங்கி மறுபடியும் தண்ணி விட ஆரம்பிச்சுடும்.