பெட் ஸ்கேன் எடுத்தால் பார்க்கின்சன் எவ்வளவு முற்றியது என்று தெரியுமா?

மருத்துவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாலு வருடமாகப் பார்க்கின்சன். முதலில் வலது கை மட்டும் நடுங்கியது, இப்போது நடையும் குறுகிவிட்டது. சென்னைக்குக் கூட்டிப்போய் மூளைக்குப் பெட் ஸ்கேன் எடுத்தால் வருத்தம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்வார்கள் என்கிறார் வெளிநாட்டிலுள்ள அண்ணா. காணியை ஈடு வைக்க யோசிக்கிறோம்.
– வாசகி, துணுக்காய்

பதில்: அதற்காக மட்டும் காணியை ஈடு வைக்காதீர்கள்.

மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ். இந்தப் பெட் ஸ்கேனுக்கு ஏற்றும் எவ்.டி.ஜி. என்பது கதிர்வீச்சு அடையாளம் இட்ட குளுக்கோஸ். அதை ஊசியால் ஏற்றினால் எந்தப் பகுதி எவ்வளவு எரிக்கிறது என்று படத்தில் விழும். பார்க்கின்சனில் மூளையின் ஆழத்திலுள்ள புட்டமென், குளோபஸ் பலிடஸ், தலமஸ், மூளைத்தண்டிலுள்ள பொன்ஸ், அதோடு சிறுமூளை ஆகியவை ஒப்பீட்டளவில் கூடுதலாக எரிக்கும். முன்மூளையின் இயக்கத் திட்டப் பகுதிகளும் பக்கவாட்டுப் பின்பகுதியும் குறைவாக எரிக்கும். நியூயோர்க்கில் நரம்பியல் நிபுணர் டேவிட் ஐடல்பேர்க் குழுவினர் 1990களில் இந்தக் கோலத்தை ஓர் எண்ணாகக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். பல நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில், விறைப்பும் மந்தமும் கூடக்கூட அந்த எண்ணும் கூடுகிறது. நடுக்கத்தோடு அது அவ்வளவு ஒட்டிப்போவதில்லை. நடுக்கத்துக்கு வேறொரு கோலம் உண்டு. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தை எடுத்தால் எண் இறங்கவும் செய்யும். இவ்வளவும் கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனியொருவரின் படத்தைப் பார்த்து “இது மூன்றாம் கட்டம்” என்று எவரும் சொல்ல முடியாது.

படம் உண்மையில் உதவும் இடம் வேறு: இது பார்க்கின்சன்தானா, அதுபோல் நடிக்கும் வேறு வருத்தமா என்ற சந்தேகம். அப்படி நடிக்கும் வருத்தங்களில் எம்.எஸ்.ஏ. என்பதில் புட்டமெனும் சிறுமூளையும் மங்கியிருக்கும், பி.எஸ்.பி. என்பதில் நடுமூளையும் முன்மூளையின் உட்பக்கமும். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புகளைக் காட்டும் டாட் ஸ்கேனால் இவற்றைப் பிரித்தறிவது கடினம், ஏனெனில் மூன்றிலுமே அந்த நரம்புகள் அழிகின்றன. அப்பாவுக்குக் குளிசை நன்றாக வேலை செய்கிறது, ஒரு பக்கத்தில் தொடங்கியது, ஆரம்பத்திலேயே விழுந்தெழும்பவில்லை என்றால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியானால் பார்க்கின்சன் இல்லைத்தானே?
– வாசகர், மல்லாவி

பதில்: இல்லை என்றாகாது. பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே வரும். அதை எடுப்பது பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் தேங்குதல் போன்றவற்றை விலக்கத்தான். தலைச்சுற்றுக்கும் சத்திக்கும் தரும் சினரிசின், மெற்றோகுளோபிரமைட் போன்ற குளிசைகளாலும் இதே விறைப்பும் நடுக்கமும் வரலாம். வீட்டிலுள்ள மருந்துப் பையை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூளை பெட் ஸ்கேன் திகதி கிடைத்துவிட்டது. சலரோகமும் உண்டு. எப்படி ஆயத்தப்படுத்துவது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் விழித்திருந்து போனால் ஊசிக்குப் பிறகு கட்டிலில் தூங்கிவிடுவார். தூங்கும் மூளையின் படம் வேறு. ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். சீனியில்லாத தேத்தண்ணியோடு பனங்கட்டி கடித்தாலும் பிழைதான்.

இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் சாதாரண குளுக்கோஸ் அடையாளமிட்டதோடு போட்டியிட்டு அதை மூளைக்குள் விடாது. சீனி 160ஐ (மி.கி./டெ.லீ.) தாண்டும்போதே படம் மங்கத் தொடங்கும், 200க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள். அதற்காக ஊசி போடுவதற்குச் சற்று முன் இன்சுலின் ஏற்றிச் சீனியை இறக்குவது தீர்வல்ல, அடையாளமிட்ட குளுக்கோஸ் தசைக்குள் போய்விடும். வெறும் வயிற்றில் கிளிகிளசைட் என்ற சலரோகக் குளிசை போட்டால் சீனி ஆபத்தாக இறங்கலாம். அன்றைய குளிசைகளை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

ஊசிக்கு முன்னும் பின்னும் மங்கலான அறையில் அரை மணித்தியாலம் அளவில் பேசாமல், போன் பாராமல் இருக்க வேண்டும். பேசினால் பேச்சுப் பகுதி குளுக்கோஸை இழுக்கும். படம் எடுக்க 10–20 நிமிடம். தலை ஆடினால் படம் குழம்பும், ஆகவே தலைநடுக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பார்க்கின்சன் குளிசையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வரலாம். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று மட்டும் குறித்துக்கொடுங்கள். ஸ்கேனுக்கு ஏற்றிய ஊசி மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கொருமுறை பாதியாகும். அன்று கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நெருங்கியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கேன் இல்லாமல் வருத்தத்தின் அளவை எப்படி அறிவார்கள்?
– வாசகி, பரந்தன்

பதில்: கையால் சோதித்துத்தான். எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்ற அளவுகோலின் இயக்கப் பகுதியில் 33 புள்ளியிடல்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை, உச்சம் 132. கோளாறு வருவது நேரத்தில். காலை ஐந்து மணிக் குளிசையோடு பஸ் ஏறி, பதினொரு மணிக்கு வைத்தியர் முன் இருந்தால் அவர் பார்ப்பது மருந்து தேய்ந்த உடம்பை. குளிசையின் அளவு தேவையில்லாமல் கூட்டப்படலாம்.

ஆகவே போனில் இரண்டு வீடியோ: காலைக் குளிசைக்கு முன் ஒன்று, ஒரு மணித்தியாலம் கழித்து ஒன்று. பெருவிரலும் சுட்டுவிரலும் அகலமாகவும் வேகமாகவும் பத்துத் தடவை தட்டட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பட்டும். பத்து மீற்றர் நடந்து திரும்பட்டும், பக்கத்தில் ஓராள் நிற்க வேண்டும். பின்னால் இழுத்துச் சமநிலை பார்ப்பதை வீட்டில் செய்யாதீர்கள், விழுந்து இடுப்பு முறியும். கூடவே மூன்று நாளுக்கு, மணித்தியாலவாரியாக, குளிசை, சாப்பாடு, விறைப்பு, கட்டுப்பாடின்றி வரும் ஆட்டம் ஆகியவற்றைக் கொப்பியில் குறியுங்கள். மீன், முட்டை, பருப்போடு குளிசை விழுங்கிய நாளில் அது பிடிக்காமல் போவதும், இரும்புச்சத்துக் குளிசை அதைத் தடுப்பதும் அந்தக் கொப்பியில்தான் பிடிபடும்.