அப்பா அம்மா உழைப்பில் கல்லூரிக்கு உதவித்தொகை: பெங்களூரு கேள்வி பதில்

எங்கள் தொழிற்சங்கத்தில் பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அட்மிஷன் நேரம் என்பதால் பலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பீன்யா, லேத் ஆபரேட்டர்: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். சங்கத்திடம் உதவித்தொகை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம் அண்ணா. அது நீங்கள் கட்டிய சந்தா. உறுப்பினர்களுக்கும் அவர்களை நம்பியிருப்பவர்களுக்கும் கல்விக்காகப் பொது நிதியைச் செலவிடலாம் என்று 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். எவ்வளவு, யாருக்கு என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். சந்தா ரசீதுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள். மார்க்‌ஷீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கும் வீட்டில் ரசீதைத் தேடினால் கிடைப்பதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் உதவித்தொகை அதனால் தள்ளிப்போவதைப் பார்க்க மனசு தாங்காது.

பொம்மனஹள்ளி, கார்மென்ட்ஸ் தொழிலாளி: எங்கள் கம்பெனியில் சங்கமே இல்லை. என் மகனுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது அக்கா. கர்நாடகத் தொழிலாளர் நல வாரியம் உதவித்தொகை தருகிறது. உங்கள் சம்பளச் சீட்டில் வருடத்துக்கு ஒருமுறை நல நிதிக்கு ஒரு சின்னத் தொகை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். பையன் பொதுப் பிரிவு என்றால் 50 சதவீத மார்க், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45 சதவீதம் வேண்டும்.

கே.ஆர்.புரம், மேஸ்திரி: சொந்த ஊர் தர்மபுரி. மகளின் படிப்பு உதவிக்காக இங்கே கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய முடியுமா?

தாராளமாக. ஊர் எது என்பது முக்கியமில்லை. வயது 18க்கு மேல், 60க்குள். கடந்த 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டடம் கட்டுபவரிடம் வசூலிக்கும் 1 சதவீத செஸ் (தனி வரி) பணத்தில்தான் இந்த வாரியம் நடக்கிறது. அது உங்கள் வியர்வைக்கு வந்த பணம். 90 நாளுக்கான சான்றை ஒப்பந்தக்காரர் தரலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கமும் தரலாம். வேலையே செய்யாதவர்களுக்கு யாராவது சான்று வாங்கித் தருவதாகச் சொன்னால் கிட்டே போகாதீர்கள். போலி கார்டுகள் பெருகினால் உண்மையான தொழிலாளியின் பிள்ளைக்குத்தான் பணம் தாமதமாகும். பதிவை இன்றே செய்யுங்கள், புதுப்பிக்க மறக்காதீர்கள். மகள் காலேஜ் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அப்போது அலைய வேண்டியிருக்கும்.

அதே மேஸ்திரி: பதிவு செய்து தர ஏஜென்ட் ஒருவர் கமிஷன் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்பலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி, இன்ஜினியரிங் மாணவி: அம்மா திருநெல்வேலியில் பீடி சுற்றுகிறார். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும் தங்கச்சி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வருடம் 25,000 ரூபாய், சாதாரண டிகிரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் 6,000. குடும்ப மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அம்மாவின் பீடி அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முதலில் பார். உன் வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தபின் சும்மா இருந்துவிடாதே. உன் கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேட்டு, கடைசித் தேதிக்கு முன்னால் நேரில் போய் நில்.